மண்ணுக்கு அடியில் ஒரு வில்லங்கம்

மனை வாங்கும் எவரும் முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார்கள். அடமானம் உண்டா, வழக்கு உண்டா, பாகப்பிரிவினை ஒழுங்காக நடந்ததா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் நிலக்கரிப் படுகையில் இவை அனைத்தும் சரியாக இருந்தாலும் வீடு நிற்குமா என்று சொல்ல முடியாது. தரைக்கு அடியில் யார், எந்தக் காலத்தில், எவ்வளவு தூரம் குடைந்தார்கள் என்ற விவரம் எந்த ஆவணத்திலும் இல்லாத இடங்கள் அங்கே ஏராளம். 2020-ல் அண்டால் அருகே ஜாம்பாத்தில் நிலம் உள்வாங்கி ஒரு வீட்டை விழுங்கியது. உள்ளே இருந்த பெண் உயிருடன் மீட்கப்படவில்லை. இத்தகைய சம்பவங்களுக்குப் பிறகு நிவாரணம் அறிவிக்கப்படுகிறது, அபாயப் பகுதி என்று பலகை நடப்படுகிறது, அடுத்த மழைக்காலம் வரை பேச்சு ஓய்ந்துவிடுகிறது. தோண்டியதற்குக் கணக்கு வைக்காதது குடியிருப்பவரின் குற்றமில்லை. ஆகவே வரைபடம் இல்லாத நிலத்தின் சுமையை அரசும் அதன் சுரங்க நிறுவனமும்தான் சட்டப்படி ஏற்க வேண்டும்.

இந்தக் கணக்கு எப்படித் தொலைந்தது என்பதை வரலாறு தெளிவாகவே காட்டுகிறது. இந்தியாவின் வணிகரீதியான நிலக்கரி அகழ்வு 1774-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர்களான சம்னர், ஹீட்லி ஆகியோருக்குக் கிடைத்த அனுமதியோடு இப்பகுதியில்தான் தொடங்கியது. 1836-ல் துவாரகநாத் தாகூரின் கார்-தாகூர் நிறுவனம் ராணிகஞ்ச் சுரங்கத்தை வாங்கியது. 1843-ல் பெங்கால் கோல் கம்பெனி உருவானது. 1855-ல் ஹவுராவிலிருந்து ராணிகஞ்சுக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் சுரங்கங்கள் பெருகின. ஜமீன்தார்கள் நிலத்தடி உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள். மேலே உழுதவர் ஒருவர், கீழே தோண்டியவர் வேறொருவர். கைவிடப்படும் சுரங்கத்தின் வரைபடத்தை ஒப்படைக்க வேண்டும் என்று பிரிட்டன் தன் நாட்டில் 1872-லேயே சட்டம் போட்டுவிட்டது. அதே பிரிட்டன் ஆண்ட இந்தியாவுக்கு முதல் சுரங்கச் சட்டமே 1901-ல்தான் வந்தது. 1774 முதல் அதுவரை ஓடிய 127 ஆண்டுகளில் திறந்து மூடிய குழிகளுக்கு முறையான பதிவு இல்லாமல் போனதில் வியப்பில்லை. வரைபடத்தின் அருமை ஆட்சியாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதை இங்கே அவர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றைய அகழ்வு முறையே ஆபத்தைப் பிற்காலத்துக்குத் தள்ளிவைக்கும் தன்மை கொண்டது. நிலக்கரி அடுக்கில் குறுக்கும் நெடுக்குமாகப் பாதைகள் வெட்டி, மேற்கூரையைத் தாங்க நிலக்கரியையே தூண்களாக விட்டுவைப்பார்கள். வேலை முடிந்து திரும்பும்போது அந்தத் தூண்களையும் முடிந்தவரை செதுக்கி எடுப்பார்கள். மிஞ்சிய தூண் ஐம்பது ஆண்டு நிற்கலாம், நூறு ஆண்டும் நிற்கலாம். தேங்கும் நீரிலும் காற்றுப் பட்டும் அது மெல்லச் சிதையும். கூரைப் பாறை சிறிது சிறிதாக உதிர, வெற்றிடம் மேல்நோக்கி நகரும். அடுக்கு ஆழமற்றதாக இருந்தால் ஒரு நாள் அது தரையைத் தொட்டுவிடும். மழைநீர் இறங்கும்போதும், தேங்கிய நீரை வெளியேற்றும்போதும் இந்த வேகம் கூடும். குடைந்த இடத்தை மணலால் நிரப்பினால் பெருமளவு தடுக்கலாம் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. மணல் நிரப்புதலுக்காகவே 1939-ல் இந்தியாவில் தனிச் சட்டம் வந்தது. அதற்கு முன் காலியாக விடப்பட்டவை காலியாகவே கிடந்தன.

1973-ல் நிலக்கரிச் சுரங்கங்கள் தேசியமயமானபோது இந்தப் பிழையைத் திருத்த வாய்ப்பு இருந்தது. அந்தச் சட்டம் சுரங்கங்களின் உரிமையை அரசுக்கு மாற்றியது, பழைய உரிமையாளர்களுக்கு எவ்வளவு தொகை என்று சுரங்கவாரியாக அட்டவணையும் போட்டது. ஆனால் கையகப்படுத்திய நாளுக்கு முந்தைய கடன்களும் பொறுப்புகளும் பழைய உரிமையாளரையே சேரும், அரசையோ அதன் நிறுவனத்தையோ சேராது என்றும் அதில் எழுதப்பட்டது. தொழிலாளியின் உரிமைக்காகவும் அறிவியல்பூர்வமான அகழ்வுக்காகவும் எடுக்கப்பட்ட அந்த முடிவு அவசியமானதுதான். என்றாலும் நிலக்கரி பொதுச்சொத்தாயிற்று, அதை எடுத்த குழி மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் நின்றது. தொகையைப் பெற்றுக்கொண்ட நிறுவனங்கள் பல காலப்போக்கில் மறைந்தும் போயின. இன்று தன் வீட்டில் விரிசலைக் காணும் ஒருவர் யாரிடம் போய் நிற்பது என்ற கேள்விக்கு விடை இல்லாமல் போனது இப்படித்தான்.

நீதிமன்றம் தலையிட்ட பிறகே அரசு அசைந்தது. தொழிற்சங்கத் தலைவரும் மக்களவை உறுப்பினருமான ஹராதன் ராய் 1997-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரிப் பகுதிகளுக்கான பெருந்திட்டம் 2009 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்றது. மொத்த மதிப்பு ரூ.9,773.84 கோடி, அதில் ராணிகஞ்சின் பங்கு ரூ.2,661.73 கோடி. அபாயப் பகுதிகளில் இருப்பவர்களை வேறிடத்தில் குடியமர்த்துவதே அதன் மையம். திட்டத்துக்குக் குறிக்கப்பட்ட காலம் 2021-ல் முடிந்தபோதும் மறுகுடியமர்வு முடியவில்லை. நிலம் கிடைக்காதது, வேலையும் பிழைப்பும் இருக்கும் இடத்தைவிட்டு மக்கள் நகர மறுப்பது என்று பல காரணங்கள் உண்டு. இவற்றைவிட அடிப்படையான குறை, திட்டம் அபாயமென்று அறியப்பட்ட இடங்களோடு நின்றுவிட்டது என்பதே. பட்டியலில் இல்லாத வீட்டின் அடியில் பட்டியலில் இல்லாத குழி இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு அதில் இடமில்லை.

பதிவில்லாத குழி மேலே இருப்பவரை மட்டும் கொல்வதில்லை. 1975 டிசம்பர் 27 அன்று சாஸ்னாலா நிலக்கரிச் சுரங்கத்தில் 375 தொழிலாளர்களைப் பலிகொண்டது பழைய அகழ்விடத்தில் தேங்கிக் கிடந்த வெள்ளம். 1989 நவம்பரில் ராணிகஞ்சின் மகாவீர் சுரங்கத்திலும் அப்படியே நீர் புகுந்தது. சிக்கிய 71 பேரில் 65 பேர் துளைக்கிணறு வழியே இரும்புக் கூண்டில் ஒவ்வொருவராக மேலே தூக்கப்பட்டார்கள், ஆறு பேர் இறந்தார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2002-ல் குவீகிரீக் சுரங்கத்தில் ஒன்பது பேர் சிக்கியதற்குக் காரணம், பக்கத்துப் பழைய சுரங்கத்தின் இறுதி வரைபடம் அவர்கள் கையில் இல்லாததே. அந்த வரைபடம் பின்னர் ஓர் அருங்காட்சியகத்தில் கிடைத்தது. பதிவில்லை என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி, பதிவைத் தேடவில்லை என்பதாகவும் இருக்கலாம். பழைய நிறுவனங்களின் கோப்புகள், ஜமீன் குத்தகைப் பத்திரங்கள், ரயில்வே ஆவணங்கள் ஆகியவற்றை முறையாகத் துருவினால் கொஞ்சமாவது மீளும். மீளாத இடங்களில் மின்தடை ஆய்வும் துளையிட்டுப் பார்த்தலும் செயற்கைக்கோள் வழியே நில அசைவை அளப்பதும் உதவும்.

பிரிட்டனில் 1994-ல் நிலக்கரி ஆணையமாக அமைந்த அரசு அமைப்பு தன்னிடமுள்ள சுரங்க விவரங்களை வீடு வாங்குபவர் எவருக்கும் அறிக்கையாகத் தருகிறது. அதைவிட முக்கியமானது 1991-ன் நிலக்கரிச் சுரங்க நிலத்தாழ்வுச் சட்டம். சேதத்தின் தன்மையும் சூழலும் சுரங்கத்தால் வந்திருக்கலாம் என்று காட்டினால் போதும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது பொறுப்புள்ள நிறுவனமே என்கிறது அது. ராணிகஞ்சுக்குத் தேவை இந்த இரண்டும்தான். மனை எண்வாரியாக நிலத்தடி நிலையைச் சொல்லும் பதிவேடு வேண்டும். அது வங்க மொழியிலும் இருக்க வேண்டும், பத்திரப்பதிவோடு இணைந்திருக்க வேண்டும். அத்துடன், வரைபடம் இல்லாத இடத்தில் நேரும் சேதம் சுரங்கத்தால் நேர்ந்தது என்றே கொள்ளும் சட்டவிதி வேண்டும்.

பதிவேட்டைப் பகிரங்கமாக்கினால் பீதி பரவும், மனை விலை சரியும், வங்கி கடன் தராது என்பார்கள். இந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது. இழப்பீட்டுக் கடமை இல்லாமல் பதிவேட்டை மட்டும் வெளியிட்டால் அது ஏழையின் கடைசிச் சொத்தையும் மதிப்பற்றதாக்கும். அதனால்தான் இரண்டும் ஒன்றாக வர வேண்டும் என்கிறேன். மறைப்பதால் விலை காப்பாற்றப்படுகிறது என்பதும் பாதி உண்மைதான். விவரம் தெரிந்த உள்ளூர்க்காரர் விற்றுவிடுகிறார், தெரியாத வெளியூர்க்காரர் வாங்கிக்கொள்கிறார். காப்பாற்றப்படுவது விற்றவரின் விலை மட்டுமே.

எப்போதோ ஒரு தனியார் செய்த தவறுக்கு இன்றைய வரிப்பணம் ஏன் என்பது இன்னொரு கேள்வி. அந்த நிலக்கரிதான் ரயிலையும் ஆலையையும் மின்நிலையத்தையும் ஓட்டியது. பலன் நாடு முழுவதற்கும் போய்ச் சேர்ந்தது, ஆபத்து மட்டும் இந்தப் படுகையில் தங்கியது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்டோருக்காக 2015-ன் சட்டத் திருத்தம் உருவாக்கிய மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதிக்கு இதைவிடப் பொருத்தமான செலவு இருக்காது. ஆக்கிரமித்துக் குடியிருப்பவர்களும் சட்டவிரோதமாகத் தோண்டுபவர்களும் இருக்கிறார்களே என்றால், இருக்கிறார்கள். திருட்டுத்தனமாக வெட்டப்படும் ஒவ்வொரு குழியும் நாளைய பதிவில்லாக் குழி. அதைத் தடுக்க வேண்டியதும் கண்காணிக்க வேண்டியதும் நிர்வாகத்தின் வேலை. பட்டா இல்லாதவருக்கு நில மதிப்பு கிடையாது என்பதுகூட விவாதத்துக்குரியது. உயிருக்குப் பாதுகாப்பு கிடையாது என்பதோ ஏற்கவே முடியாதது.

எல்லாவற்றையும் கண்டறிய முடியாது, எல்லோரையும் இடம் மாற்றிவிடுவதே வழி என்பவர்கள் இப்படுகையின் நகரமான ஆசன்சோலை எண்ணிப் பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி அந்த நகரத் தொகுப்பில் மட்டும் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். எல்லோரையும் பெயர்க்க முடியாதபோது யாரை முதலில் பெயர்ப்பது, எங்கே மணல் நிரப்புவது, எங்கே புதிய கட்டடத்துக்கு அனுமதி மறுப்பது என்று முடிவெடுக்க வரைபடமே வழிகாட்டும். முழுமையற்ற வரைபடமும் பயனுள்ளதே. 'இங்கே தோண்டப்பட்டது', 'தோண்டப்படவில்லை', 'தெரியவில்லை' என்று மூன்றாகப் பிரித்துக் காட்டினால், தெரியாத இடங்களே ஆய்வில் முதலிடம் பெறும். இப்பகுதியின் அரசுச் சுரங்க நிறுவனமான ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸும் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகமும் தங்களிடம் ஏற்கெனவே உள்ள பழைய வரைபடங்களை அடுத்த மழைக்காலத்துக்கு முன் பொதுவெளியில் வைப்பது முதல் படி. அதற்குப் புதிய சட்டமும் தேவையில்லை, பெரிய நிதியும் தேவையில்லை. அதைக்கூடச் செய்யாத அரசுக்கு, அபாயப் பகுதியை விட்டு மக்கள் வெளியேற மறுக்கிறார்கள் என்று குறைகூறும் தகுதி இல்லை.