தகவலாளரிலிருந்து உடனாய்வாளருக்கு: பல்கலைக்கழகத் தமிழாய்வும் வட்டாரக் கூட்டுழைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு பல்கலைக்கழகத் தமிழ்த்துறை எதை ஆராய வேண்டும் என்பதை அத்துறை அமைந்துள்ள வட்டாரமும் சேர்ந்து வகுக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. நா. வானமாமலையின் நாட்டார் பாடல் தொகுப்பு, மதுரைப் பல்கலைக்கழகத்தின் கதைப்பாடல் பதிப்புகள், கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டாரச் சொல்லகராதி ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. வட்டார மக்களைத் தகவலாளர் நிலையிலிருந்து உடனாய்வாளர் நிலைக்குக் கொண்டுவருவதன் தேவையும், அதில் கருத வேண்டிய வரம்புகளும், நடைமுறை வழிகளும் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வட்டாரம், கூட்டுழைப்பு, தகவலாளர், உடனாய்வாளர், நாட்டார் வழக்காறு, வட்டாரச் சொல்லகராதி, புத்தாக்கம்.

முன்னுரை

தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்களுள் பல, நில எல்லையை அடிப்படையாகக் கொண்டு தோன்றியவை. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகமும், 1982இல் கோவையில் பாரதியார் பல்கலைக்கழகமும் திருச்சிராப்பள்ளியில் பாரதிதாசன் பல்கலைக்கழகமும், 1990இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும், 1997இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டன. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட சில மாவட்டங்களுக்கு உரியதாக வரையறுக்கப்பட்டது.

இவ்வெல்லை கல்லூரிகளை இணைப்பதற்கும் தேர்வு நடத்துவதற்கும் பட்டம் வழங்குவதற்கும் பயன்பட்ட அளவிற்கு ஆய்வுக்குப் பயன்படவில்லை. திருநெல்வேலியில் அளிக்கப்பெறும் முனைவர் பட்ட ஆய்வேட்டையும் கோவையில் அளிக்கப்பெறும் ஆய்வேட்டையும் மேலட்டை நீக்கி மாற்றி வைத்தால், எது எந்த மண்ணில் எழுதப்பட்டது என்று கண்டறிவது பெரும்பாலும் அரிது. ஒரே படைப்பாளர், ஒரே அணுகுமுறை, ஒரே இயல் பகுப்பு என்று தலைப்புகள் சுழல்கின்றன. வட்டாரம் பல்கலைக்கழகத்தின் முகவரியாக இருக்கிறதே தவிர, அதன் ஆய்வு வினாக்களுக்கு ஊற்றாக இல்லை. இந்நிலை மாற வேண்டுமெனில் வட்டாரத்தோடு பல்கலைக்கழகம் கொள்ளும் உறவின் தன்மையை முதலில் ஆராய வேண்டும்.

தகவலாளர் என்னும் நிலை

களஆய்வு சார்ந்த ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் இடம்பெறுவது மரபு. பெயர், வயது, ஊர், தொழில் என்னும் கட்டங்களுக்குள் ஒரு மனிதரின் பங்களிப்பு முடிந்துவிடுகிறது. அவர் பாடிய தாலாட்டோ ஒப்பாரியோ சொன்ன கதையோ ‘தரவு’ என்னும் பெயரில் ஆய்வேட்டிற்குள் செல்கிறது. அத்தரவைப் பகுப்பவரும், பெயரிடுபவரும், முடிவு கூறுபவரும் ஆய்வாளரே. எதைக் கேட்பது என்பதில் தகவலாளருக்குப் பங்கில்லை. கேட்டுப் பெற்றது என்னவாயிற்று என்பதும் அவருக்குத் தெரிவதில்லை.

இதன் இழப்பு இருபுறமும் நிகழ்கிறது. ஒலிநாடாக்களில் பதிவான குரல்கள் ஆய்வேடு ஒப்படைக்கப்பட்டபின் பேணுவாரின்றிச் சிதைகின்றன. பாடிய மூதாட்டி மறைந்தபின் அவர் குரலைக் கேட்க விரும்பும் பேரப்பிள்ளைகளுக்கு அது எங்கே இருக்கிறதென்று தெரிவதில்லை. ஆய்வுலகிற்கும் இழப்பு உண்டு. பாடலைப் பாடுவதற்கு உரிய வேளை, பாடக்கூடாத இடம், பாடபேதம் எழுந்த காரணம் போன்றவற்றை நன்கறிந்தவர் பாடுபவரே. அவரை விடை சொல்பவராக மட்டும் கொள்ளும் ஆய்வு, அவர் எழுப்பக்கூடிய வினாக்களை இழந்துவிடுகிறது.

மைய அரசு 2014இல் தொடங்கிய ‘உன்னத் பாரத் அபியான்’ திட்டம், உயர்கல்வி நிறுவனங்கள் கிராமங்களைத் தத்தெடுத்துப் பணியாற்ற வழிசெய்தது. நிறுவனங்களை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்ற நோக்கம் வரவேற்கத்தக்கது. ஆயினும் ‘தத்தெடுத்தல்’ என்னும் சொல், கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர் என்ற உறவையே குறிக்கிறது. மொழி, வழக்காறு, வட்டார வரலாறு ஆகியவற்றைப் பொறுத்தவரை கொடுக்கும் இடத்தில் இருப்பது கிராமமே.

நெல்லை காட்டிய வழி

வட்டாரக் கூட்டுழைப்பு தமிழாய்விற்குப் புதிதன்று. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திவந்த நா. வானமாமலை (1917-1980), பல்கலைக்கழகப் பணியில் இல்லாத நிலையிலேயே ஆசிரியர்களையும் இளைஞர்களையும் திரட்டி நாட்டார் பாடல்களைத் தொகுத்தார். 1964இல் வெளிவந்த ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ தொகுப்பில் பல பாடல்களின் அடியில் வட்டார வழக்குச் சொற்களின் பொருளும், சேகரித்தவர் பெயரும், சேகரித்த இடமும் தரப்பட்டுள்ளன. சிலவற்றில் உதவியவர் பெயரும் உண்டு. தங்கம்மாள்புரத்தைச் சேர்ந்த எஸ்.எஸ். போத்தையாவின் பெயரை அந்நூலில் மீண்டும் மீண்டும் காணலாம். சேகரித்தவரின் உழைப்பைப் பின்னிணைப்பிற்குத் தள்ளாமல் பாடலோடு சேர்த்தே அச்சிட்டது ஒரு பதிப்பு முறை மட்டுமன்று. அறிவின் உரிமை பற்றிய ஒரு நிலைப்பாடும் ஆகும்.

அவர் வழிநடத்திய நெல்லை ஆய்வுக் குழுவும், 1969இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழும் கல்லூரிக்கு வெளியே இருந்தவர்களுக்கும் ஆய்வு மேடையாயின. 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம், வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதை முதலிய கதைப்பாடல்களை நூல்களாக வெளியிட்டது. அச்சும் நிதியும் பல்கலைக்கழகத்திடம் இருந்தன. சுவடியும் பாடகரும் வட்டார அறிவும் நெல்லையிடம் இருந்தன. இரண்டும் சேர்ந்தபோது, புலமை உலகம் பொருட்படுத்தாதிருந்த கதைப்பாடல்கள் பல்கலைக்கழக வெளியீடு என்னும் தகுதியைப் பெற்றன.

கரிசல் அகராதி கற்பிப்பது

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. தமிழ் அகராதிக் கலையின் பெருஞ்சாதனை அது. வட்டாரச் சொற்களையும் அது புறக்கணிக்கவில்லை. ஆயினும் அவற்றுள் பல, எந்த ஊரின் வழக்கு என்ற விளக்கமின்றி, இடவழக்கு என்னும் பொதுக்குறியோடு நின்றுவிட்டன.

அந்த இடைவெளியை நிரப்பும் முயற்சியை வட்டாரமே மேற்கொண்டது. இடைசெவல் கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டாரச் சொல்லகராதி 1982இல் வெளிவந்தது. பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல் வந்தது. நாஞ்சில் வட்டாரத்திற்கு அ.கா. பெருமாளும், நடுநாட்டிற்குக் கண்மணி குணசேகரனும் அகராதி அளித்தனர். தனிமனிதர் முன்னின்று செய்த இப்பணிகளைப் பல்கலைக்கழகங்கள் தத்தம் எல்லைக்குள் தாமே திட்டமிட்டுச் செய்திருக்கலாம். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்குரிய மாவட்டங்களின் சொல்வளத்தைத் தொகுத்திருந்தால், இன்று தமிழகம் முழுமைக்குமான வட்டார வழக்குத் தரவகம் ஒன்று கைவசம் இருந்திருக்கும்.

எனினும் நம்பிக்கை தரும் முன்மாதிரி ஒன்று உண்டு. பட்டப்படிப்பு ஏதும் பெறாத கி. ராஜநாராயணனைப் புதுவைப் பல்கலைக்கழகம் 1980களின் இறுதியில் வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. வட்டார அறிவு உடையவரைத் தகவலாளராக அன்றிப் பேராசிரியராக அமர்த்த விதிகள் இடந்தரும் என்பதை அந்நியமனம் மெய்ப்பித்தது. அது விதிவிலக்காகவே நின்றுவிட்டது என்பதுதான் வருத்தத்திற்குரியது.

வளர்ச்சியும் புத்தாக்கமும்

ஆய்வு, வளர்ச்சி, புத்தாக்கம் என்னும் தொடர் பேசப்படும்போது தமிழ்த்துறைகள் ஒதுங்கி நிற்பது வழக்கமாகிவிட்டது. புத்தாக்கம் என்பது ஆய்வுக்கூடத்திற்கு மட்டுமே உரியதன்று. எழுத்துத் தமிழைக் கொண்டு பயிற்றப்பட்ட கணினி, பேச்சை எழுத்தாக்கும்போது வட்டார வழக்கின் முன் தடுமாறுகிறது. நோயாளி தன் நோவைச் சொல்லும் சொல் வேறு மாவட்டத்து மருத்துவருக்குப் புரிவதில்லை. மண்ணுக்கும் மழைக்கும் காற்றுக்கும் உழவர் வழங்கும் பெயர்கள் வேளாண் விரிவாக்கக் கையேடுகளில் இடம்பெறுவதில்லை. இம்மூன்றிலும் தேவைப்படுவது முறையாகத் தொகுக்கப்பட்ட வட்டாரச் சொல்வளமே. அதனைத் தொகுக்கும் பயிற்சி தமிழ்த்துறையிடம் உண்டு. சொல் மக்களிடம் உண்டு. பயன்படுத்தும் தேவை கணினித்துறையிடமும் மருத்துவமனையிடமும் வேளாண் கல்லூரியிடமும் உண்டு. இவற்றை இணைக்கும் பொறுப்பைத் தமிழ்த்துறை ஏற்பதே அதன் புத்தாக்கமாகும்.

வட்டாரம் ஒற்றைக் குரலன்று

இக்கருத்திற்கு எதிராக வலுவான தடை ஒன்றை எழுப்பலாம். வட்டாரம் என்பது ஒருமித்த குரல் உடையதன்று. ஊரில் சாதி உண்டு, செல்வாக்கு உண்டு, மறைக்க விரும்பும் வரலாறும் உண்டு. வட்டாரத்தோடு கூட்டு என்பது வட்டாரத்தின் வலியவரோடு கூட்டாக முடிந்துவிடாதா என்னும் ஐயம் நியாயமானதே.

முத்துப்பட்டன் கதையே இதற்குச் சான்று. அந்தணனான முத்துப்பட்டன் சக்கிலியர் குலப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்தான் என்பது கதை. அப்பெண்கள் பிறப்பால் அந்தணர், சக்கிலியரால் எடுத்து வளர்க்கப்பட்டோர் என்று சொல்லும் வடிவமும் வழங்குகிறது. அது சாதி கடந்த மணத்தின் கூர்மையை மழுக்குவதற்காகப் பிற்காலத்தில் நுழைந்த மாற்றம் என்பதை வானமாமலை எடுத்துக்காட்டினார். வட்டாரம் சொன்னதையெல்லாம் அவர் அப்படியே ஏற்கவில்லை. வடிவங்களை ஒப்பிட்டார், மாற்றத்தின் காரணத்தை வினவினார்.

எனவே உடனாய்வு என்பது ஆய்வாளர் தம் தீர்ப்பைக் கைவிடுவதன்று. ஊரின் ஒரு தெருவோடு நில்லாமல் எல்லாத் தெருக்களுக்கும் செல்வதும், முரண்படும் வடிவங்களை முரணோடு பதிவுசெய்வதும் ஆய்வாளரின் கடமையாகவே நீடிக்கும். கூட்டுழைப்பு விரிந்தால், ஒரு தரப்பின் குரல் வட்டாரத்தின் குரலாகத் தோன்றும் வாய்ப்பு குறையும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, களஆய்வுத் தலைப்புகளை உறுதிசெய்யும் முன் அவ்வட்டாரத்தின் கலைஞர், ஆசிரியர், உழவர், பெண்கள், நூலக வாசகர் ஆகியோர் கூடும் அவையில் அவற்றை முன்வைத்துக் கருத்துப் பெறலாம். 

இரண்டாவதாக, பாடியவர், சொன்னவர் ஆகியோரின் பெயரை அவர்தம் இசைவோடு பாடலுடனும் கதையுடனும் சேர்த்தே வெளியிட வேண்டும். பெயர் வெளிப்படுவதை விரும்பாதோரின் விருப்பமும் அவ்வாறே மதிக்கப்பட வேண்டும். 

மூன்றாவதாக, ஒலி, ஒளிப் பதிவுகளின் படி ஒன்றை அந்தந்த ஊரின் கிளை நூலகத்திலோ பள்ளியிலோ வைப்பதை ஆய்வேடு ஒப்படைப்பின் நிபந்தனையாக்கலாம். 

நான்காவதாக, வட்டார அகராதி, ஒலி ஆவணம், கதைப்பாடல் பதிப்பு ஆகியவற்றை ஆய்வுக் கட்டுரைகளுக்கு இணையான பங்களிப்பாகப் பணிமதிப்பீட்டில் கணக்கிட வேண்டும். மதிப்பெண் கட்டுரைகளுக்கு மட்டுமே உரியதாக இருக்கும்வரை, பல்லாண்டு உழைப்பைக் கோரும் தொகுப்புப் பணிக்கு இளம் ஆய்வாளர் எவரும் துணிந்து வரமாட்டார்.

முடிவுரை

பல்கலைக்கழகத்தின் பெயர்ப்பலகையில் மட்டும் வட்டாரம் இருந்தால் போதாது; அதன் ஆய்வு வினாக்களிலும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு இதற்கான நில எல்லை சட்டத்திலேயே வகுத்துத் தரப்பட்டுள்ளது. முன்மாதிரிகளும் கண்முன் உள்ளன. வழக்காறுகளை நினைவில் கொண்டுள்ள தலைமுறை விரைந்து மறைந்துவரும் இக்காலத்தில், இப்பணியைத் தள்ளிப்போடுவது அதனைக் கைவிடுவதற்கு ஒப்பாகும். அடுத்த ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் அச்சாகும் முன், அப்பட்டியலில் உள்ளோர் அவ்வாய்வின் தலைப்பையேனும் அறிவாரா என்னும் வினாவை ஒவ்வொரு நெறியாளரும் ஆய்வாளரும் எழுப்பிக்கொள்வது நல்ல தொடக்கமாக அமையும்.