புறநகரில் ஒரு கிராமத்துப் பப்

லண்டன் மாநகரத்தின் வடபுறத்தில், ஹாம்ஸ்டெட் ஹீத் என்னும் விசாலமான மேட்டுப் புல்வெளியின் ஓரத்தில், ஸ்பானியர்ட்ஸ் இன் என்று ஒரு பழைய பப் இருக்கிறது. வெள்ளையடித்த அதன் சுவர் சாலைக்குள் நீட்டிக்கொண்டிருக்க, எதிரே பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சுங்கச்சாவடி ஒன்றும் அதேபோல் முன்தள்ளி நிற்பதனால், இரண்டுக்கும் நடுவே ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான் நுழைய முடிகிறது. 210-ஆம் நம்பர் பஸ் வந்தால் எதிரே வரும் கார்கள் ஒதுங்கி நின்று வழிவிடுகின்றன. சாவடியை இடித்துச் சாலையை அகலமாக்காமல், பஸ்ஸைக் காக்கவைப்பதென்று தீர்மானித்த ஊர் அது. நம் நெடுஞ்சாலைத் துறையாரை அங்கே ஒருநாள் அழைத்துப்போனால் என்ன சொல்லுவார்களோ!

1585-ஆம் வருஷம் முதற்கொண்டு அங்கே விடுதி இருந்துவருவதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். டிக் டர்ப்பின் என்ற பிரசித்திபெற்ற வழிப்பறிக்காரனுக்கும் அவ்விடத்துக்கும் சம்பந்தம் உண்டு என்கிறார்கள். லண்டனைச் சுற்றியுள்ள பழைய விடுதிகள் அத்தனையும் அவன் தங்கிய இடமாகத் தம்மைச் சொல்லிக்கொள்வதைப் பார்த்தால், அந்த மனிதனுக்குத் திருட ஓய்வு எப்போது கிடைத்தது என்றே சந்தேகம் எழுகிறது. ஆனால் டிக்கன்ஸ் தமது பிக்விக் நாவலில் பார்டல் அம்மாளைத் தேநீர் விருந்தின் நடுவே கடன்காரர் சிறைக்குக் கொண்டுபோவது இந்த விடுதியிலிருந்துதான் என்பதும், பிராம் ஸ்டோக்கரின் டிராகுலாவிலும் இதன் பெயர் வருகிறது என்பதும் புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளக்கூடிய விஷயங்கள். இவற்றைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்ந்தது 1780-இல் மூண்ட கார்டன் கலகத்தை ஒட்டிய வரலாறு. கத்தோலிக்கருக்கு வழங்கிய சலுகைகளை எதிர்த்துக் கிளம்பிய ஜனக்கூட்டம், பிரதம நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபுவின் நகரத்து மாளிகையைக் கொளுத்திவிட்டு, விடுதிக்கு அருகிலுள்ள அவருடைய கென்வுட் மாளிகையையும் சாம்பலாக்க வந்தபோது, விடுதிக்காரர் பீப்பாய்களைத் திறந்துவிட்டு, பட்டாளம் வந்துசேரும்வரை அவர்களைக் குடிக்கவைத்து உட்காரவைத்துவிட்டாராம். கென்வுட் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. குடியினால் ஒரு வீடு பிழைத்தது என்பது சரித்திரத்தில் அபூர்வமான சம்பவந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், ஹாரோவில் குடியிருக்கும் என் தமக்கை மகனோடு அங்கே போயிருந்தேன். தாழ்ந்த கூரை, கறுத்துப்போன மரப்பலகைச் சுவர்கள், தலைகுனிந்து நுழையவேண்டிய வாசல்கள், பின்னால் பெரிய தோட்டம். நாய்களுக்கும் குழந்தைகளுக்கும் தடையில்லை. பழக்கதோஷத்தால் ஒரு மேஜையைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, யாராவது வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள் என்று காத்திருந்தேன். "மாமா, இங்கே யாரும் வரமாட்டார்கள், நாம்தான் போய் வாங்கவேண்டும்" என்று அவன் எழுந்தான். கூடவே போய்ப் பார்த்தேன். பஸ்ஸுக்கும் தபால் ஆபீஸுக்கும் வரிசை பிசகாமல் நிற்கிற ஆங்கிலேயர், மதுச்சாலைக் கவுன்ட்டரில் மாத்திரம் கும்பலாக நிற்கிறார்கள். ஆயினும் யாருக்குப்பின் யார் வந்தார் என்பது ஊற்றிக்கொடுப்பவருக்கும் தெரிகிறது, நிற்பவர்களுக்கும் தெரிகிறது. முறை தவறி ஒருவரைக் கேட்டுவிட்டால், அவரே பக்கத்திலிருப்பவரைக் காட்டி, இவர் எனக்கு முன்னால் வந்தவர் என்று சொல்லிவிடுகிறார். கைதட்டிக் கூப்பிடுவதும், பணநோட்டை ஆட்டிக் காட்டுவதும் அங்கே பெரிய அநாகரிகம். நாலுபேர் சேர்ந்து வந்தால் ஒவ்வொருவராக எல்லோருக்கும் வாங்கிக்கொடுக்கவேண்டும் என்ற சம்பிரதாயத்துக்கு எழுத்தில் விதி கிடையாது; தன் முறை வரும் சமயம் பார்த்து எழுந்துபோகிறவனைப் பற்றி அந்த ஊரில் நல்ல அபிப்பிராயமும் கிடையாது.

நான் மது அருந்துகிறவன் அல்லன். ஆரஞ்சுப் பழரசத்தை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்; ஏன் குடிக்கவில்லை என்று கேட்டாரில்லை, எழுந்திரு என்றாரும் இல்லை. என்றாலும் அவர்களுடைய பீரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாகவேண்டும். கிராமத்துப் பப்பின் மரியாதையெல்லாம் நிலவறையில் இருக்கும் பீப்பாய்களில்தான் இருக்கிறது. அவற்றில் அடைத்து வருகிற 'ஏல்' என்னும் பீரில் ஈஸ்ட் உயிரோடிருந்து, பீப்பாய்க்குள்ளேயே மறுபடியும் நொதித்துப் பக்குவமடைகிறது. அதை 11 முதல் 13 டிகிரி வரையுள்ள நிலவறைக் குளிர்ச்சியில் வைத்து, கவுன்ட்டரில் உள்ள நெடிய மரப்பிடியை இழுத்துக் கைப்பம்பினால் மேலே ஏற்றி, 568 மில்லிலிட்டர் கொள்ளும் பைன்ட் கண்ணாடியில் வார்க்கிறார்கள். திறந்த பீப்பாயை மூன்று நாளைக்குள் தீர்த்துவிடவேண்டும். இல்லையேல் காற்றுப்பட்டுக் கெட்டுவிடும். ஆகையால் நாள்தோறும் வருகிற நிலையான கூட்டம் இல்லாத கடையில் இந்தப் பானம் நன்றாயிருக்க முடியாது. கெடாமல் வெகுநாள் இருக்கும்படி வடிகட்டிச் சூடாக்கி வாயு ஏற்றிய பீரைப் பெரிய கம்பெனிகள் நாடெங்கும் பரப்பியபோது, 1971-இல் நாலு நண்பர்கள் சேர்ந்து காம்ரா என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். ருசிக்காகத் தொடங்கிய கிளர்ச்சிதான்; ஆனால் அந்த ருசியைக் காப்பாற்ற வேண்டுமானால் அக்கம்பக்கத்தார் கூடுகிற வழக்கத்தையும் காப்பாற்றியாகவேண்டும்.

ஸ்பானியர்ட்ஸைப் போல மெய்யாகவே பழமையானவை சொற்பம். லண்டன் புறநகர்களில் கறுத்த மரச்சட்டங்களும் வெள்ளைச் சுவருமாக டியூடர் அரசர் காலத்துத் தோற்றம் காட்டுகிற பப்புகளிற் பெரும்பாலானவை, முதல் உலகயுத்தத்துக்கும் இரண்டாம் உலகயுத்தத்துக்கும் இடைப்பட்ட இருபது வருஷங்களில் மதுக் கம்பெனிகள் கட்டியவை. ரயில் பாதை நீண்ட திசையெல்லாம் இரட்டை வீடுகள் வரிசையாக முளைத்த காலம் அது. நகரின் நெருக்கடியான தெருக்களில் உள்ள சிறுகடைகளின் லைசென்ஸை ஒப்படைத்தால், புறநகரில் பெரியதாக ஒன்று கட்டிக்கொள்ள மாஜிஸ்டிரேட்டுகள் அனுமதித்தார்கள். குடும்பத்தோடு வருவதற்குத் தோட்டம், சாப்பாட்டுக்கு அறை, வாகனம் நிறுத்த இடம் என்று கௌரவமாகக் கட்டிய அந்தக் கட்டடங்களுக்கு, வயல்வெளி ஒன்றும் மிச்சமில்லாத ஊரில், கிராமத்து வேஷம் போட்டார்கள். பல இடங்களில் அந்த மரச்சட்டம் கூரையைத் தாங்குவதில்லை. செங்கற் சுவரின்மேல் அலங்காரத்துக்கு அறைந்த பலகை அது. உழவன் உணவு என்ற பேரில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஊறுகாயும் தட்டில் வைத்துத் தருகிறார்களே, அந்தப் பெயரும் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பாலாடைக்கட்டி விற்பனையைப் பெருக்குவதற்காக விளம்பரம் செய்து பரப்பியதுதான்.

இவ்வளவும் தெரிந்தபின், இதெல்லாம் பாசாங்கு என்று தள்ளிவிடுகிற அறிவாளிகள் அங்கேயும் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் ஈவினிங் ஸ்டாண்டர்டு பத்திரிகையில் தமக்குப் பிரியமான பப்பை வெகு ருசியாக வர்ணித்துவிட்டு, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று முடித்தார். பழமையைக் கற்பனை செய்துகொண்டு அதற்குள் குடியேறுவது மனித இயல்பு. பலகையின் வயது பொய்யாயிருந்தாலும், அந்தப் பலகைக்குக் கீழே தொண்ணூறு வருஷமாக அண்டைவீட்டார் வந்து உட்கார்ந்தது பொய்யாகாது.

நான் கேட்கும் கேள்வி வேறு. வந்து உட்கார யாருக்குப் பாத்தியதை இருந்தது? ஒரே கூரையின் கீழ் தொழிலாளிக்கு ஓர் அறை, கனவானுக்குக் கம்பளம் விரித்த வேறோர் அறை என்று கதவும் விலையும் வேறாக இருந்தவை இவை. நிறத்தைப் பார்த்து வெளியே நிறுத்தியவையும் இவைதாம். பர்மிங்ஹாமை அடுத்த ஸ்மெதிக்கில் வார்ப்படத் தொழிற்சாலைகளில் வேலைபார்த்த பஞ்சாபிகளுக்குச் சில பப்புகளின் நல்ல அறைகளில் இடம் மறுக்கப்பட்டது. இந்தியத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த அவ்தார் சிங் ஜோல், வெள்ளைக்கார மாணவர்களையும் கூட்டிக்கொண்டு கடைகடையாக ஏறி, யாருக்குக் கொடுக்கிறார்கள், யாருக்கு மறுக்கிறார்கள் என்பதைப் பிரத்தியட்சமாக நிரூபித்தார். 1965 பிப்ரவரியில் மால்கம் எக்ஸ் அவ்வூருக்கு வந்து அந்நிலைமையை நேரில் பார்த்துப் போனார். ஒன்பது நாள் கழித்து நியூயார்க்கில் சுடப்பட்டு இறந்தார். அதே வருஷம் இயற்றிய இன உறவுச் சட்டம் பொது இடங்களில் நிறபேதம் பாராட்டுவதைச் சட்டவிரோதமாக்கியது. பின்னர் அந்த வட்டாரத்தில் பஞ்சாபிகளே பல பப்புகளை எடுத்து நடத்தி, கவுன்ட்டரில் ஏலும் அடுப்பில் சுட்ட கோழியுமாக, தேசி பப் என்ற புதிய இனத்தையே உண்டாக்கிவிட்டார்கள். தங்களுக்கு அடைத்திருந்த பப்பின் அறைகளை நிரப்பி விளக்கேற்றிவைத்தவர்கள் அவர்கள். கிராமத்துப் பப்பின் ஆத்மா எங்கே என்று தேடுகிறவர்கள் அங்கேயும் போய்த் தேடலாம்.

நம் ஊர் மதுக்கடையோடு ஒப்பிட்டு எழுதச் சொல்லிச் சில நண்பர்கள் தூண்டினார்கள். ஒப்பிட இடமில்லை. தன் நாட்டில் பப்புக்கு நேரமும் ஒழுங்கும் விதித்த அதே ஆட்சி, சென்னை ராஜதானியில் கள்ளுக்கடையையும் சாராயக்கடையையும் ஏலம் விட்டு வருமானம் பார்த்தது. 1937-இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது அந்த அனுபவத்தின் விளைவு. இன்றைய டாஸ்மாக்கோ விற்கிற இடமேயன்றி இருக்கிற இடமன்று. குடிக்காதவன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்துவரக்கூடிய மதுக்கடை நம்மிடம் என்றைக்கும் இருந்ததில்லை.

இப்போது அந்தப் பப்புகளே அழிந்துவருகின்றன. 2000-ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஏறக்குறைய 60,000 இருந்தவை இன்று 45,000 அளவுக்குக் குறைந்துவிட்டன. வீட்டில் குடிப்பது மலிவு. பப் நிற்கிற மனையின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. மைடா வேலில் கார்ல்டன் டேவர்ன் என்ற பப்பைச் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க ஆலோசித்துவந்த சமயத்தில், 2015 ஏப்ரலில், அதன் சொந்தக்காரக் கம்பெனி அனுமதியின்றி இடித்துத் தள்ளியது. ஊரார் விடவில்லை; பழைய ஓடுகளுக்கு முன்பே எடுத்துவைத்திருந்த அச்சுகளும் குறிப்புகளும் உதவ, இருந்தபடியே திருப்பிக் கட்டு என்று வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபை உத்தரவிட, 2021-இல் மறுபடி திறந்தது. எனக்கும் சந்தோஷந்தான். ஆயினும் ஓட்டையும் செங்கல்லையும் மீட்பதற்குச் செலுத்திய சிரத்தையில் பாதியாவது, உள்ளே நின்று நடத்துகிற குத்தகைதாரரின் வாடகைமீது செலுத்தக்கூடாதா? இங்கிலாந்தில் பல பப்புகள் பெரிய கம்பெனிகளுக்குச் சொந்தம். குத்தகைக்கு எடுத்தவர் சந்தை விலையைவிட அதிகம் கொடுத்தாவது அவர்களிடமே பீர் வாங்கவேண்டும் என்று கட்டு உண்டு. இத்தகைய கட்டுள்ள பப்புகள் 500-ம் அதற்கு மேலும் வைத்திருக்கும் கம்பெனிகளின் குத்தகைதாரர் அந்தக் கட்டை அறுத்துச் சந்தை வாடகை மாத்திரம் செலுத்தக் கேட்கலாம் என்ற விதி 2016-இல்தான் வந்தது.

தென் லண்டனில் நன்ஹெட் என்ற புறநகரத்து ஐவி ஹவுஸ் காட்டிய வழிதான் எனக்குப் பிடித்தது. 1930-களில் மதுக் கம்பெனி கட்டிய, உள்ளே மரப்பலகை வேய்ந்த, நான் மேலே சொன்ன வேஷக்கார ஜாதியைச் சேர்ந்த பப் அது. 2012-இல் மூடிவிட்டார்கள். அக்கம்பக்கத்தார், சமூகச் சொத்தைப் பாதுகாக்கும் 2011-ஆம் வருஷத்துச் சட்டத்தைப் பயன்படுத்தி, அதைச் சமூகச் சொத்துப் பட்டியலில் இடம்பெற்ற முதல் பப்பாக்கி, விற்பனையை நிறுத்திவைக்கச் செய்து, பணம் திரட்டி வாங்கி, 2013-இல் கூட்டுறவாகத் திறந்தார்கள். பங்குதாரர் 371 பேர். அவர்களுக்குள் வாடகையைப் பற்றியும் பீர் விலையைப் பற்றியும் சச்சரவு வராமலிருக்காது. வந்தாலும், பேசித் தீர்த்துக்கொள்ளச் சொந்தத்தில் ஓர் இடம் இருக்கிறது.