பேறுகாலக் காயத்தை இனி மறைக்க மாட்டோம்

கருப்பை இறங்குவதை ‘அடி தள்ளுது’ என்று எங்கள் அம்மாக்கள் சொன்னார்கள்; அதையும் குரலைத் தாழ்த்தி, பெண்களுக்குள் மட்டும். இருமினால் நீர் கசியும் என்று பேருந்தில் ஏறத் தயங்கியவர்கள், மலம் அடங்காமல் கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டவர்கள் நாங்கள். ‘பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்’ என்ற பதிலை இனி ஏற்பதில்லை என முடிவெடுத்து, இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். தாயும் சேயும் உயிரோடு வீடு திரும்புவது பெரிய சாதனை. ஆனால் தடுப்பூசிக்குப் போன நாளில் குழந்தையின் எடையைப் பார்த்தவர்கள், எங்களிடம் ‘நீர் அடங்குதா?’ என்று கேட்கவில்லை.

எங்களுக்கு முன்னோடி எத்தியோப்பியாவில் இருக்கிறது. 1959இல் அங்கு வந்த மருத்துவத் தம்பதி கேத்தரின், ரெஜினால்ட் ஹாம்லின், 1974இல் அடிஸ் அபாபாவில் ஃபிஸ்டுலா மருத்துவமனையைத் தொடங்கினார்கள். நாள்கணக்கில் குழந்தை வெளிவராமல் சிக்கினால், தலை அழுத்தி ரத்த ஓட்டம் நின்று, சிறுநீர்ப்பையில் துளை (ஃபிஸ்டுலா) விழுகிறது; நீர் ஓயாமல் ஒழுகுகிறது. அந்தத் துளையைக் கட்டணமின்றித் தைத்தார்கள். குணமானவளுக்குப் புத்தாடை உடுத்தி ஊருக்கு அனுப்பினார்கள். குணமானவர்கள் பலருக்கு அங்கேயே வேலையும் கொடுத்தார்கள். பள்ளிக்கே போகாமல், அவர்களிடம் நோயாளியாக வந்த மாமிட்டு காஷே அறுவை சிகிச்சை கற்று, மருத்துவர்களுக்கே பயிற்சி தந்தார். காயமே படாமல் காக்க 2007இல் மருத்துவச்சிகளுக்கான கல்லூரியும் திறந்தது. நம்மூரில், செங்கல்பட்டுப் பகுதியில் 1981இல் கிராமப் பெண்களைக் கொண்டு உருவான ரூசெக் அமைப்பு, கருப்பை இறக்கத்தைப் பற்றிப் பெண்களின் வாய்மொழியாகவே கேட்டு எழுதிவைத்தது.

தொண்டு நிறுவனங்களே, முகாம் நடத்தி, அறுவை செய்து, படம் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். அறுவை முடிந்தவள் பல வாரம் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, மூட்டை சுமக்கக் கூடாது. நாள் கூலிக்குப் போகிறவளுக்கு அந்த ஓய்வை யார் தருவது? அந்த வாரங்களின் கூலியைக் கொடுப்பதும் சிகிச்சைதான். துணைக்கு வருபவளின் பேருந்துக் கட்டணமும், இடுப்புத்தளத் தசைப் பயிற்சியைப் பொறுமையாகச் சொல்லித்தரும் ஒரு பிசியோதெரபிஸ்டும் அப்படித்தான். எங்கள் முகத்தைக் காட்டி நிதி திரட்டாதீர்கள். எங்களுக்காகக் கூடும் குழுவில் பாதி இடம் காயம்பட்டவர்களுக்கு வேண்டும். எங்கள் இயக்கத்தின் முதல் விதியும் அதுவே.

இதைப் படிக்கும் தங்கையே, தம்பியே, இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் உங்கள் அம்மா பக்கத்தில் உட்காருங்கள். ‘உனக்கு நீர் அடங்குதாம்மா?’ என்று கேளுங்கள்.