பென்சிலுக்கு முன்னால் ஒரு பிடி மணல்

2025-இல் விஜயதசமி அக்டோபர் 2-ஆம் தேதி வந்தது. 1975-இல் அதே தேதியில்தான் நாட்டின் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. பால்வாடி என்று நாம் சொல்லும் அங்கன்வாடிக்கு ஐம்பது வயது நிறைந்த நாளும், பிள்ளையை மடியில் வைத்து அரிசியில் முதல் எழுத்தை எழுதவைக்கும் நாளும் ஒன்றாகவே அமைந்தன. இந்தப் பொருத்தம் ஒரு கேள்வியை எழுப்புகிறது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு நாம் எழுத்தை எப்படி அறிமுகப்படுத்துகிறோம்?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், சிறிது தூரத்திலேயே பெரிய முதலியார்சாவடி. அங்கிருந்து மரக்காணம் உப்பளங்கள் வரை உள்ள இந்தக் கரையில் புரட்டாசியும் ஐப்பசியும் இலை உதிரும் காலமல்ல, வானம் கறுக்கும் காலம். தை, மாசியில் தொடங்கிய உப்பளவேலை மழையோடு நின்றுவிடும். கழுவெளி ஏரியில் வலசைப் பறவைகள் வந்திறங்கும். பனம்பழம் தின்று போட்ட கொட்டைகளைக் கிழங்குக்காக மண்ணில் பதித்திருப்பார்கள். பிள்ளைகளின் கண்ணெதிரே இவ்வளவு நடக்கும்போது, பல மழலையர் வகுப்புகளில் வண்ணம் தீட்டக் கொடுக்கும் தாளில் சிவந்த மேப்பிள் இலையும் கண், மூக்கு செதுக்கிய பூசணிக்காயும் இருக்கின்றன. குளிர்நாட்டுப் பிள்ளைக்கு அவை வாசலில் கிடக்கும் பொருள்கள். அங்கே அந்தப் பாடம் சரியான பாடம். நம் பிள்ளையோ அந்த இலையை மிதித்ததில்லை, முகர்ந்ததில்லை. அதைப் பற்றிச் சொல்லப் பிள்ளையிடம் ஒரு சொல்லும் இல்லை. சொல் பிறக்காத இடத்தில் எழுத்து எப்படி ஒட்டும்?

திண்ணைப் பள்ளிகளில் எழுத்து மணலில்தான் தொடங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளியில் நடைமுறைப்படுத்தி, 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. அங்கே மணல் தட்டுகள் வந்தன. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரியின் முறையிலும், பிள்ளை முதலில் உப்புத்தாள் எழுத்தை விரலால் தடவிப் பார்க்கிறது. கடலோரத்தில் இருக்கும் நாம் மட்டும் மணலை விட்டுவிட்டுக் கோடுபோட்ட நோட்டைப் பிள்ளையின் கையில் திணித்துக்கொண்டிருக்கிறோம்.

இது பழம்பெருமைக்காகச் சொல்வதல்ல. பிள்ளையின் கையைப் பாருங்கள். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள். பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக இறுகிவரப் பல ஆண்டுகள் ஆகும். அந்தக் கை பென்சிலை முழு முஷ்டியாகப் பிடிக்கிறது, தாள் கிழிய அழுத்துகிறது, நான்கு வரியில் வலித்துப்போய் அழுகிறது. ‘அ’வில் சுழியும் வளைவும் நேர்க்கோடும் சேர்ந்து வருகின்றன. எழுத்து வரிசையில் அது முதலாவது என்பதற்காக, பிஞ்சு விரலுக்கும் அதுவே முதலாவதாக இருக்க வேண்டியதில்லை.

பனையோலையை எடுத்துக்கொள்வோம். ஈர்க்கை நீக்கி, விரல் நீளத்துக்கு ஆயா நறுக்கித் தருகிறார். இரண்டு துண்டைச் சேர்த்து வைத்தால் ‘ட’. மூன்று வைத்தால் ‘ப’. பிள்ளை அதைக் கலைக்கும், திருப்பி வைக்கும், தலைகீழாக வைக்கும். அடித்துத் திருத்த அதில் ஒன்றுமில்லை. எடுத்து மாற்றி வைத்தால் போதும். அடுத்த நாள் களிமண். உள்ளங்கையில் உருட்டிய மண் திரியை வளைத்து வளைத்து ஒருநாள் ‘அ’வும் வந்துவிடும். மீந்த ஓலையில் காற்றாடி, கிலுகிலுப்பை. மடிப்பது, முடிவது, கிள்ளுவது எல்லாமே பென்சில் பிடிக்கப்போகும் மூன்று விரல்களுக்கான பயிற்சி.

நவராத்திரிக் கொலு இன்னும் வளமான பாடப்புத்தகம். செட்டியார் பொம்மையும் அவர் கடையும் போதும். வாங்கவும் விற்கவும் அளக்கவும் எண்ணவும் பிள்ளை அதன்முன் மணிக்கணக்கில் உட்காரும். ‘கி’யில் தொடங்கும் பொம்மை எது என்று கேட்டால் கிளியைக் காட்டும். எழுத்தின் வடிவம் தெரிவதற்கு முன்பே அதன் ஓசையைக் காது பிரித்துவிட்டது. வாசிப்புக்கு முதல் படி இதுதான். சுண்டலைக்கூடக் கைக்கு ஐந்தாக எண்ணிக் கொடுக்கலாம்.

ஆனால் கொலு எல்லா வீட்டிலும் வைப்பதில்லை. மீனவர் குப்பத்திலும் உப்பளத் தொழிலாளர் வீட்டிலும் அது அரிது. இந்தக் கரையில் முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களும் வாழ்கின்றன. அங்கன்வாடி எல்லோருக்குமான இடம். அங்கே சாமி பொம்மைதான் வைக்க வேண்டும் என்பதில்லை. நான்கு பெட்டிகளைப் படியாக அடுக்கி, பிள்ளைகளே களிமண்ணில் செய்த படகு, நண்டு, உப்புக் கூடை, பூநாரை என்று வரிசையாக வைக்கட்டும். ஒவ்வொன்றின் முன்னாலும் அதன் பெயர் ஒரு சீட்டில் இருக்கட்டும்; தான் செய்த நண்டுக்கு அருகில் உள்ள கோடுகள் ‘நண்டு’ என்று பிள்ளைக்குப் புரியும்.

இதை மழைக்காலத்தில் தொடங்க இன்னொரு காரணமும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளத்தில் வேலை இருக்காது. அதனால்தான் அரசு ஒவ்வொரு தொழிலாளர் குடும்பத்துக்கும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது. மற்ற மாதங்களில் விடியுமுன் பாத்திக்குப் போகும் அம்மா இப்போது வீட்டில் இருக்கிறார். ஓலை முடையத் தெரிந்த பாட்டி பக்கத்திலேயே இருக்கிறார். வாரம் ஒருநாள் அவர்களைப் பால்வாடிக்கு அழைத்து உட்காரவைத்தால், அந்த ஊருக்கு வேறு கைவினை ஆசிரியர் தேவையில்லை. எழுத்துப் படிக்க வாய்க்காத அம்மாவிடம் பிள்ளை கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளை பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. ஒன்றிய அரசின் திட்டமும் 2023 முதல் தினமும் இரண்டு மணி நேரம் முன்பருவக் கல்வி என்கிறது. அந்த இரண்டு மணி நேரம் எங்கே போகிறது என்பதுதான் சிக்கல். சமைப்பது, எடை பார்ப்பது, செல்பேசிச் செயலியில் பதிவது, வீடு வீடாகப் போவது எல்லாமே ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் தலையில். இவ்வளவுக்கும் நடுவே பிள்ளையோடு தரையில் உட்கார அவருக்கு நேரம் ஏது? முன்பருவக் கல்விக்கென்று தனியாக ஒருவரை அமர்த்த வேண்டும். குறைந்தபட்சம், அந்த இரண்டு மணி நேரத்தில் வேறு பதிவு எதையும் இப்போதைய பணியாளரிடம் கேட்கக் கூடாது. களிமண்ணுக்கும் ஓலைக்கும் பெரிய நிதி ஒதுக்கீடு வேண்டாம். ஒரு மரத்தட்டு, அதில் சலித்த கடல் மணல். மழை பெய்யும் நாளில் அதை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டால், பாடம் அன்றும் நடக்கும்.