காகமும் பனம்பழமும்

பனையில் வந்து காகம் அமர்கின்றது. அக்கணமே பழமொன்று விழுகின்றது. காகம் இருந்ததனாற் பழம் விழுந்ததா, அன்றி விழவிருந்த பழம் விழும் நேரத்திற் காகம் வந்ததா? இவ்வையத்துக்குக் 'காகதாலீய நியாயம்' என்று முன்னோர் பெயரிட்டு வைத்தனர். பனை நிழலில் வளர்ந்த நமக்கு இதனை விளக்க உரையாசிரியர் எவரும் வேண்டியதில்லை. ஆயினும், இந்த நியாயம் கணினிக்கும் எத்துணைப் பொருத்தமானது என்பதைச் சென்ற மாதம் ஒரு மாணவன் எமது வீட்டு வாயிலில் வந்து நின்றபோதே உணர்ந்தோம்.

அவன் முன்னர் எம்மிடம் பயின்றவன். இப்போது பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு மாணவன். முதல்நாள் இரவு அவன் தனது மடிக்கணினியை மூட முயன்றபோது, இற்றைப்படுத்தல் நடைபெறுவதாகவும் கணினியை நிறுத்த வேண்டாம் என்றும் திரையில் ஓர் அறிவித்தல் தோன்றியது. அப்படியே விட்டுவிட்டு உறங்கினான். விடிந்து பார்த்தபோது, அக்கணினி தன்னுள் இருந்த சேமிப்புத் தட்டையே அறியாததாய் வெறுந்திரையைக் காட்டி நின்றது. மூன்றாண்டுப் பாடக்குறிப்புகள், தமக்கையின் திருமணப் படங்கள், மறைந்துபோன பேரனார் தமது கடைசிக் காலத்திற் பண்ணோடு பாடிய தேவாரங்களின் ஒலிப்பதிவு ஆகிய யாவும் அத்தட்டிலேயே இருந்தன.

"சேர், இந்த அப்டேற்தான் என்ரை டிஸ்க்கைத் திண்டிட்டுது" என்றான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

கணினி திருத்துவோரிடம் அவனை அழைத்துச் சென்றோம். அவர் நெடுநேரம் சோதித்துவிட்டு, தட்டு முன்னரே தளர்ந்திருக்கலாம் என்றும், இரவு முழுவதும் நிகழ்ந்த எழுத்து வேலை அதற்குக் கடைசிப் பாரமாய் அமைந்திருக்கலாம் என்றும், இரண்டும் ஒரே இரவில் தற்செயலாகவே கூடியிருக்கவும் கூடும் என்றும் கூறினார். சில வாரங்களாகவே கணினி இடையிடையே உறைந்து நின்றதை மாணவனும் அப்போது நினைவுகூர்ந்தான். காகமா, பழமா? விடை கிடைக்கவில்லை.

இற்றைப்படுத்தலை நம்பலாமா என்னும் கேள்வி இன்று கணினியுள்ள வீடுதோறும் எழுகின்றது. பாடநூல்கள் 'பணிசெயல் முறைமை' என்று கூறும் விண்டோஸ் போன்ற மென்பொருளே கணினியின் வீட்டுக்காரன். எந்தக் கோப்பு எங்கே இருக்கின்றது என்ற கணக்கு அவன் கையிலேயே உண்டு. அவ்வீட்டைத் திருத்தி அமைப்பதே இற்றைப்படுத்தல். ஆட்கள் குடியிருக்கும்போதே கூரை வேய்வது போன்ற வேலை இது. ஓடு தவறிக் கீழே விழுந்த சம்பவங்களும் உண்டு. வேயாது விட்டமையால் வீடே இடிந்த சம்பவங்களும் உண்டு. மூன்றினை இங்கு எடுத்துக்காட்டுவோம்.

முதலாவது, இற்றைப்படுத்தலே குற்றவாளியான கதை. மைக்ரோசொப்ற் நிறுவனம் 2018 ஒக்டோபர் 2ஆம் திகதி விண்டோஸ் 10 இன் 1809 என்னும் பதிப்பை வெளியிட்டது. அதனை ஏற்றுக்கொண்டோருட் சிலர் தமது ஆவணங்களும் படங்களும் அடியோடு மறைந்துவிட்டன என்று முறையிட்டனர். சில நாட்களுள் நிறுவனம் அப்பதிப்பை நிறுத்திவைத்துக் காரணத்தை ஆராய்ந்தது. ஆவணங்கள் வழமையாகத் தங்கும் கோப்புறையை வேறொரு தட்டுக்கு மாற்றிவைக்கும் வசதி விண்டோஸில் உண்டு. அவ்வாறு மாற்றியோரிற் சிலர், பழைய இடத்தில் அதே பெயருடைய வெற்றுக் கோப்புறையொன்று வீணே நிற்கின்றது என்று முன்னர் குறைகூறியிருந்தனர். அக்குறையைத் தீர்க்கவே, அவ்வாறான வெற்றுக் கோப்புறைகளை நீக்கும் நிரலொன்று புதிய பதிப்பிற் சேர்க்கப்பட்டது. ஆனால் எல்லோருடைய பழைய கோப்புறையும் வெறுமையாய் இருக்கவில்லை. சிலர் இடத்தை மாற்றினரேயன்றிப் பழைய கோப்புகளை அங்கேயே விட்டிருந்தனர். நிரல் அவற்றையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. ஒருவருடைய குறையைத் தீர்க்கச் செய்த உபகாரம் இன்னொருவருக்கு அபகாரமாயிற்று.

இவ்விழப்பைப் பற்றிய எச்சரிக்கை பதிப்பு வெளிவருமுன்னரே பரீட்சித்துப் பார்த்தோர் சிலரிடமிருந்து வந்திருந்தது. முறையிட்டோர் தொகை சிறிதாய் இருந்தமையால் அக்குரல் ஏனைய முறைப்பாடுகளுள் அமிழ்ந்துபோயிற்று. பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்பதையும் குறிப்பிடும் வசதியைப் பின்னரே நிறுவனம் தனது முறைப்பாட்டு ஏற்பாட்டிற் சேர்த்தது. பிழை திருத்திய பதிப்பு நவம்பர் 13ஆம் திகதி மீண்டும் வெளியாயிற்று. கோப்பு இழந்ததாக முறையிட்டோர் பதினாயிரத்துக்கு ஒருவர் என்னும் அளவினரே என்று நிறுவனம் கணக்குக் காட்டியது. கணக்குச் சரியாகவே இருக்கலாம். ஆனால், அந்த ஒருவருக்கு இழப்புப் பதினாயிரத்தில் ஒரு பங்கன்று, முழுவதுமேயாகும்.

இரண்டாவது, இற்றைப்படுத்தாமையே குற்றமாகக்கூடிய கதை. 2019 நவம்பரில் ஹியூலெட் பக்கார்ட் என்ரர்பிறைஸ் நிறுவனம் தனது வாடிக்கையாளருக்கு அவசர அறிவித்தலொன்று விடுத்தது. நிறுவனங்களின் பெருங்கணினிகளுக்கென விற்கப்பட்ட, எஸ்.எஸ்.டி. என வழங்கும் சேமிப்புச் சாதனங்களிற் குறிப்பிட்ட சில வகைகள் 32,768 மணித்தியாலம் இயங்கியதும் செயலற்றுப்போகும் என்றும், அதன்பின் சாதனத்தையோ தரவையோ மீட்க இயலாது என்றும் அது கூறிற்று. கணக்கிட்டால் இது 3 ஆண்டு, 270 நாள், 8 மணித்தியாலம் ஆகும். 2 என்னும் எண்ணைப் பதினைந்து தடவை எழுதிப் பெருக்கிப் பார்க்கும் மாணவர் இதே 32,768ஐக் காண்பர். பதினாறு இருமங்களில், நேர் எண்ணும் மறை எண்ணும் அடங்க எழுதும்போது எட்டக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. அதற்கு மேல் ஒன்று கூட்டினால் எண்ணி புரண்டுவிடும். மணித்தியாலங்களை எண்ணிய கணக்கே இவ்வாறு புரண்டு சாதனத்தைக் கொன்றிருக்க வேண்டும் என்பது அறிந்தோர் ஊகம்.

இதற்குப் பரிகாரம் ஒன்றே: சாதனத்தின் உள்ளிருந்து அதனை இயக்கும் நிலைபொருளை, குறித்த நேரம் வருமுன் இற்றைப்படுத்துதல். "பழகியது போதும், புதியது வேண்டாம்" என்று வாளாவிருந்தோர் குறித்த மணியில் யாவற்றையும் இழக்க வேண்டியதே. இன்னும் ஒன்று: ஒரே நாளிற் பூட்டப்பெற்ற தட்டுகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒருங்கே மடியும் என்பதையும் அறிவித்தல் சுட்டிக்காட்டிற்று. ஒரு தட்டிலுள்ளதை அருகிலுள்ள அதே வகைத் தட்டிற் பிரதி செய்துவிட்டு நிம்மதியாய் இருந்தோருக்கு அப்பிரதியும் துணைவராது. இதனை நினைவில் வைத்துக்கொள்வோம்.

மூன்றாவது, காகமும் பனம்பழமும் கதை. 2025 ஓகஸ்ட் 12ஆம் திகதி விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்புக்கு ஒரு பாதுகாப்பு இற்றைப்படுத்தல் வெளியாயிற்று. சில நாட்களுள் ஜப்பானிலிருந்து ஒரு செய்தி பரவியது: அறுபது வீதத்துக்கு மேல் நிரம்பிய எஸ்.எஸ்.டி. ஒன்றில் ஐம்பது ஜிகாபைற் அளவான கோப்புகளை இடையறாது எழுதினால், சாதனம் கணினியின் கண்ணிலிருந்தே மறைந்துவிடுகின்றது என்பதே அது. மறைந்தவற்றுட் சில மீள இயக்கியதும் திரும்பின. சில திரும்பவில்லை என்றனர். உலகெங்கும் அச்சம் பரவிற்று. இவ்வகைச் சாதனங்களின் கட்டுப்படுத்திகளைச் செய்யும் தாய்வான் நிறுவனமான பைசன் 4,500 மணித்தியாலத்துக்கு மேற் பரீட்சித்தும் அக்கோளாற்றை உண்டாக்க முடியவில்லை என்று அறிவித்தது. மைக்ரோசொப்றும் தனது இற்றைப்படுத்தலுக்கும் இவ்விழப்புக்கும் தொடர்பு காணவில்லை என்றது. பின்னர் செப்டெம்பரில், தாய்வானிலுள்ள கணினி ஆர்வலர் குழுவொன்று தாம் சோதித்த, கோளாறு கண்ட சாதனங்களில் இருந்தது விற்பனைக்குரிய நிலைபொருள் அன்று, அதற்கு முந்திய பரீட்சார்த்த நிலைபொருளே என்று கூற, பைசனும் அதனை உறுதிசெய்தது.

இம்மூன்று கதைகளையும் ஒருங்கே நோக்குமிடத்து, இற்றைப்படுத்தலை எப்போதும் ஏற்றுக்கொள் என்றோ, எப்போதும் மறுத்துவிடு என்றோ ஒரு விதி கூற இயலாது என்பது புலனாகும். நம்பியோரும் இழந்தனர், நம்பாதோரும் இழக்க நேரிட்டிருக்கும். 2017 மே மாதத்தில் 'வன்னாகிரை' என்னும் தீநிரல் நூற்றைம்பது வரையான நாடுகளிற் பரவி, இங்கிலாந்தின் வைத்தியசாலைகளையும் நிலைகுலையச் செய்தது. அதனைத் தடுக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளியாகியிருந்தது. ஏற்றுக்கொள்ளாது இருந்தோரே பெரும்பாலும் அகப்பட்டனர். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "இற்றைப்படுத்தலாமா?" என்பதன்று, "இன்றிரவே இத்தட்டு இறந்தால் நாளை எம்மிடம் என்ன எஞ்சும்?" என்பதேயாகும்.

இக்கேள்வி நமக்குப் புதியதன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. வேறிடத்திற் பிரதியுள்ள நூல்களை மீண்டும் தேடிச் சேர்க்கலாம். ஒரே பிரதியாய் இருந்த ஏட்டுச்சுவடியை எவர் தேடினும் காணார். ஓலை செல்லரிக்குமுன் அதனைப் பெயர்த்தெழுதிய முன்னோர் கைக்கொண்ட முறையையே நாம் கணினிக்கும் கைக்கொள்ள வேண்டும்.

அறிஞர் இதற்கு மூன்று–இரண்டு–ஒன்று என ஒரு வாய்ப்பாடு கூறுவர். அரியனவற்றுக்கு மூன்று பிரதிகள் இருத்தல் வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒன்றாயினும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும். ஒரு வீட்டுக்குப் பொருந்தச் சொல்வதாயின்: கணினியில் ஒன்று, வெளியே கழற்றி வைக்கும் தட்டில் ஒன்று, இணைய வழியிலோ வேற்றூரிலுள்ள உறவினரிடமோ ஒன்று. இற்றைப்படுத்தும் நாளுக்கு முன் வெளித்தட்டிற் பிரதி எடுத்து, அதனைக் கழற்றியும் வைத்துவிடுங்கள். எடுத்த பிரதி திறக்கின்றதா என்று பார்ப்பதையும் மறவாதீர். மின்தடை வரக்கூடிய நேரத்தில் இற்றைப்படுத்தலைத் தொடங்காதீர். பெரிய பதிப்பு மாற்றமாயின் சில வாரம் பொறுத்திருப்பதிற் குற்றமில்லை. பாதுகாப்புத் திருத்தமாயின் நெடுநாள் தள்ளிவைத்தல் தகாது. கோப்பு மறைந்துவிட்டது என்று கண்டால், அத்தட்டில் மேலும் எதனையும் எழுதாது, அறிந்தவரிடம் ஒப்படையுங்கள். அழிந்தது போலத் தோன்றுவது மேலெழுதப்படாதவரை மீளவும் கூடும்.

இனி, எமது மாணவனின் கதைக்கு வருவோம். பாடக்குறிப்புகளில் பெரும்பகுதி உடன் பயிலும் நண்பரிடம் இருந்தது. திருமணப் படங்களைத் தமக்கை தமது கைத்தொலைபேசியில் வைத்திருந்தார். இரண்டும் ஒரு வாரத்துள் மீண்டன. பேரனாரின் குரல் மட்டும் வேறெவரிடமும் இல்லை. அதனைப் பதிவுசெய்த நாளில், "பேந்து ஒருக்கா எல்லாருக்கும் அனுப்புவம்" என்று தான் எண்ணியதாக அவன் கூறினான்.

அந்தப் 'பேந்து' என்னும் சொல்லே அக்குரலைக் கொண்டு சென்றது. காகமும் அன்று, பழமும் அன்று. உங்கள் இல்லத்திலும் ஒரே இடத்தில் மாத்திரம் உள்ள ஒரு குரலோ படமோ இருப்பின், இன்று ஞாயிற்றுக்கிழமை. அதற்கு வேண்டிய அவகாசம் உண்டு.