முதலில் கடுதாசி, அப்புறம் சுத்தியல்



பழைய ரப்பர் தோட்டங்கள் சிலவற்றில் புகைக் கொட்டகை இன்னும் நிற்கிறது. நம் தாத்தா பாட்டி சுமந்து வந்த பால் அமிலத்தில் உறைந்து, உருளையில் சீட்டாகி, அங்கேதான் நாலைந்து நாள் விறகுப் புகையில் காய்ந்தது. 1965இல் எஸ்.எம்.ஆர். தர முறை வந்தது. கட்டி ரப்பர் பெருகியது. பிறகு பல தோட்டங்களில் பால் மரம் போய்ச் செம்பனை வந்தது. கொட்டகை அடுப்பும் அணைந்தது.

"அதைச் சீர்ப்படுத்திப் பிள்ளைகளுக்கு டியூசன் வகுப்பு நடத்தலாமே, கல்யாணம் காதுகுத்துக்கு மண்டபமாக்கலாமே" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நல்ல யோசனைதான். நாமும் ஆதரிக்கிறோம். இடித்துத் தள்ளினால் யாருக்கு என்ன லாபம்?

ஆனால், அது புகையை உள்ளே அடைக்கக் கட்டியது. மனுஷர் மூச்சு விடக் கட்டியதல்ல. ஜன்னல் வெட்ட வேண்டும். அவசரத்துக்கு இரண்டாவது கதவு வேண்டும். தூண்களைக் கறையான் அரித்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். சுவரில் படிந்த கரிப்பிசின் தீப்பிடிக்கும். அதைச் சுரண்டாமல் மின்கம்பி இழுக்காதீர்கள். கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் நாம் கை வைக்கவே கூடாது. உடைத்தால் கிளம்பும் தூசு நுரையீரலைக் கெடுக்கும். அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வர வேண்டும். ஊராட்சி மன்ற அனுமதியும் கேட்க வேண்டும்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. கொட்டகை யாருடையது?

"சரி, எடுத்துக்கோங்க" என்று மேனேஜர் வாயால் சொன்னால் போதாது. மேனேஜர் இன்றைக்கு இருப்பார், நாளைக்கு மாற்றலாகிப் போவார். தீபகற்ப மலேசியாவில், 1965இல் வந்த தேசிய நிலச் சட்டப்படி, நிலத்தோடு நிலையாகப் பொருந்திய கட்டடம் நிலத்தோடு சேர்ந்தது. தோட்டம் கை மாறினால் நம் சிமெண்டும், தகரமும், ஞாயிற்றுக்கிழமை வியர்வையும் புது முதலாளிக்குப் போய்விடும். புல்டோசர் வரும்போது அழுது பயனில்லை.

ஆகவே வேலைக்கு முன் எழுத்து வேண்டும். எத்தனை வருஷம், யார் செலவு, தோட்டம் விற்றால் நஷ்ட ஈடு என்ன என்று அதில் இருக்கட்டும். மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நில அலுவலகத்தில் பதிவாக வேண்டும். கிளைச் செயலாளரைக் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள். தனித்தனியாகப் போய்த் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

கட்டடத்தைக் காப்பாற்றுவோம். அதற்கு முன்னால் நம் உழைப்பைக் காப்பாற்றிக்கொள்வோம்!