ஏமாற்றம் மட்டும் போதாது

'ஷாக்ரின்' என்று ஓர் ஆங்கிலச் சொல் இருக்கிறது. அகராதியைப் புரட்டினால் துயரம், ஏமாற்றம், எரிச்சல் என்று வரிசையாகச் சொற்கள் நிற்கும். நம் மொழிபெயர்ப்பாளர்கள் முன்னால் நிற்பதைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, 'அவன் வருத்தமடைந்தான்' என்று எழுதிவிடுகிறார்கள். காரியம் முடிந்தது என்று நினைப்பு. காரியமா முடிந்தது? கதையல்லவா முடிந்தது!

கல்யாணப் பந்தல் மழையில் நனைந்தால் அது வருத்தம். எதிர்பார்த்த கடிதம் வராவிட்டால் ஏமாற்றம். 'மழையாவது, ஒன்றாவது, கீற்று வேண்டாம், துணிப் பந்தலே போதும்' என்று நாலு பேர் முன்னால் அடித்துப் பேசிய மாமா, கொட்டுகிற மழையில் சம்பந்தியின் முகத்தைப் பார்க்க முடியாமல் நிற்கிறாரே, அதுதான் ஷாக்ரின். ஏமாற்றத்தோடு தன்மானத்துக்கும் அடி விழ வேண்டும். அந்த அடி இல்லாத இடத்தில் இந்தச் சொல்லுக்கு வேலையில்லை.

'பிரெஞ்சு மூலத்தில் துக்கம் என்றுதானே பொருள்?' என்று வேரைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிற பண்டிதர்களும் உண்டு. வாஸ்தவம். பிரெஞ்சுக்காரனுக்குக் காதல் தோல்வியின் துயரமும் ஷாக்ரின்தான். ஆனால் ஆங்கிலத்தில் குடியேறி முன்னூறு வருஷத்துக்கு மேலாகிவிட்ட சொல் அது. குணம் மாறிவிட்டது. நாற்றம் என்றால் நமக்கும் ஒரு காலத்தில் நறுமணம்தான். அதற்காகச் சம்பந்தியம்மாளின் தலையில் உள்ள மல்லிகையை 'நல்ல நாற்றம்' என்று இன்று புகழ்ந்து பாருங்கள், தெரியும்!

இது வெறும் சொல் சண்டையல்ல. 1815இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். பாதிரியார் எல்டனைத் தன் தோழி ஹாரியட்டுக்கு முடித்து வைப்பதாக எம்மா மனக்கோட்டை கட்டுகிறாள். அவரோ, விருந்து முடிந்து திரும்பும் வண்டியில் எம்மாவிடமே கல்யாணப் பேச்சை எடுக்கிறார். அப்போது அவளுக்கு விழுகிற அடி, தன் சாமர்த்தியத்தின்மேல் வைத்திருந்த கர்வத்தில் விழுகிற அடி. அதை 'ஏமாற்றமடைந்தாள்' என்று மொட்டையாக எழுதினால் வாசகர் என்ன நினைப்பார்? அவளே எல்டனைக் காதலித்தாளோ என்று நினைப்பார். ஒரு சொல் தவறினால் ஒரு பெண்ணின் மனசே மாறிப் போகிறது.

தமிழில் சொல் இல்லை என்று கையை விரிக்க வேண்டாம். நாலு பேர் பார்த்துவிட்டால் 'மூக்கறுபட்டான்'. மறைக்கப் பார்த்து முடியவில்லையானால் 'முகம் சுண்டிப்போயிற்று'. யாருக்கும் தெரியாமல் விழுங்கிக்கொண்டால் 'உள்ளுக்குள் குமைந்தான்'. ஆங்கிலத்தில் ஒரு சொல் சுமக்கிற பாரத்தைத் தமிழில் மூன்று சொற்கள் பகிர்ந்து சுமக்கின்றன. எந்த இடத்துக்கு எது என்று தெரிந்துகொள்ளக் கதையைப் படிக்க வேண்டும். அகராதியை மட்டும் படிப்பவர் கதையை மொழிபெயர்க்க வராமலிருப்பது நல்லது.